சுவிட்ச் போட மறக்கலாம், மூச்சு விட மறக்க முடியுமா?



நம்ம திருத்தணிப் பக்கம் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. தெலுங்குக்காரங்க தூசியைத் "தும்மு" என்பாங்க. தமிழ்ல தும்மு என்றால் தும்மல். இரண்டு மொழியும் சேர்ந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது பாருங்க: தூசி இருக்கிற இடத்தில் தும்மல் இருக்கும். இந்த மாத இதழில் அந்தத் தூசியைப் பற்றியும், அதை இழுக்கும் மிஷினைப் பற்றியும், அந்த மிஷின் தானாகவே ஓட ஒரு வழியைப் பற்றியும் எழுதுகிறோம்.

நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் மரச்சொப்பு, அகப்பை, கொட்டாங்குச்சிக் கரண்டி, கிண்ணம் செய்து விற்கிறது உங்களுக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் மலையேற வருகிற ஜனங்கள் வாங்கிட்டுப் போறாங்க. கை உளியில் செய்த வேலை இப்போது கடைசல் மிஷினுக்கும், தேய்க்கிற மிஷினுக்கும் மாறிவிட்டது. வருமானம் கூடியது. கூடவே தூசியும் கூடியது.

அப்படி ஒரு குழுவுக்கு மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா முந்தானையை வாயில் வைத்து இருமிக்கொண்டே இருந்தார். "என்னக்கா, எத்தனை நாளா?" என்று கேட்டோம். "ஒண்ணும் இல்ல மேடம், பனி" என்றார். அது சித்திரை மாதம்.

பக்கத்தில் இருந்த உறுப்பினர் மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசமா இப்படித்தான். சொன்னா மிஷின் வேலையை விட்டு எடுத்திடுவாங்கன்னு பயம். மிஷின்ல உட்கார்ந்தா பீஸ் கூலி அதிகம், பெயின்ட் அடிச்சா கம்மி."

பட்டறை மூலையில் தூசி இழுக்கும் மிஷின் நின்றது. குழு கடன் வாங்கி, விலைப்புள்ளி பார்த்து, நாங்களும் கூடப் போய் வாங்கின மிஷின். அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி! தூசி இழுக்க வாங்கினது தூசிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

தூசி என்ன செய்யும்?

மரத்தூள்ல இரண்டு வகை உண்டு. உளி பட்டுச் சுருள் சுருளாக விழுகிறது ஒன்று. அது கண்ணுக்குத் தெரியும், காலில் மிதிபடும், உடம்புக்குள் போகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற மாவு இன்னொன்று. ஆபத்து இதில்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பேர். நம் தலைமுடியின் கனம் சுமாராக 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசி மூக்கு முடியில் நிற்காமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கிவிடும். அதிலும் சின்னது நுரையீரலின் அடி வரை போகும். வேலை நிறுத்திய பிறகும் இந்த மாவு வெகுநேரம் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். மதியம் சோற்று டப்பாவைத் திறக்கிறோமே, அப்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். நாற்காலி, மேஜை செய்கிறதுக்குப் பேர்போன ஊர். 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்தவர் எஸ்மி ஹேட்ஃபீல்டு என்ற பெண்மணி. மூக்குக்குள் வரும் ஒரு அபூர்வமான புற்றுநோய், தன்னிடம் வருகிற மரவேலைக்காரர்களுக்கே அதிகம் இருப்பதை அவர் கவனித்தார். நோயாளியிடம் "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்ட கேள்வியில் இருந்து வந்த கண்டுபிடிப்பு இது. மற்ற மருத்துவர்களோடு சேர்ந்து 1968ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு 1995ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவிலேயே சேர்த்தது.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். அந்த நோய் அபூர்வம். பல வருடம் நிறையத் தூசியில் இருந்தவர்களுக்குத்தான் வந்தது. நமக்கு அடிக்கடி வருவது இருமல், மூக்கடைப்பு, கண் எரிச்சல், தோல் அரிப்பு, ஆஸ்துமா. மற்ற வேலை செய்கிறவர்களைவிட மரவேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று பிரிட்டன் அரசின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. குஜராத் மாநிலம் காம்பத்தில் அகேட் என்ற கல்லைத் தேய்த்து மணி செய்கிறார்கள். வீட்டு வாசலிலேயே, பெண்களும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தக் கல் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து பலர் இறந்திருக்கிறார்கள். அதற்கு முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம், தேய்க்கும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தூசியை இழுக்கும் கருவியை அவர்களுக்காகச் செய்து கொடுத்தது. தூசியைப் பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்பதுதான் அதன் பாடம். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது. ஆனால் கரண்ட் வைத்துப் 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. ஐந்தாறு பேர் உட்காருகிற நம்ம பட்டறையைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். நம்ம மூச்சுக்கு நாமதான் இன்ஸ்பெக்டர்.

மிஷின் ஏன் ஓடவில்லை?

அடுத்த கூட்டத்தில் இதை மட்டுமே பேசினோம். "யார் தப்பு?" என்று கேட்கவில்லை. "ஏன் போட முடியலை?" என்று கேட்டோம். அப்போதுதான் உண்மை வந்தது.

ஒருவர் சொன்னார்: "சுவிட்ச் அந்தச் சுவர்ல இருக்கு. ஒவ்வொரு பீஸுக்கும் எழுந்து போய்ப் போட்டு, திரும்ப அணைச்சா, வேலை எப்போ நடக்கும்?"

இன்னொருவர்: "காலையிலேயே போட்டு விட்டுட்டோம் ஒரு வாரம். சத்தம் தலைவலி. கரண்ட் பில்லும் ஏறிடுச்சு."

மூன்றாமவர்: "போடணும்னுதான் நினைப்பேன். கையில கட்டை வந்ததும் மறந்துடும்."

மூன்றும் நியாயமான காரணம். தப்பு எங்கள் பக்கமும் இருந்தது. மிஷின் வாங்கிக் கொடுத்தோம், ஒரு நாள் பயிற்சி கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், வந்துவிட்டோம். சுவிட்ச் எங்கே இருக்கிறது, உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணுக்கு அது கைக்கு எட்டுமா என்று நாங்கள் பார்க்கவில்லை.

பில் கணக்கையும் அங்கேயே போட்டுப் பார்த்தோம். ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமாராக 1 யூனிட். பட்டறை ஒரு நாளைக்கு 7 மணி நேரம். நாள் முழுக்க ஓடினால் 7 யூனிட், 25 நாளைக்கு 175 யூனிட். ஆனால் கட்டை எடுக்கிறது, அளக்கிறது, மாட்டுகிறது, பார்க்கிறது போக, உண்மையில் தூசி பறக்கிற நேரம் எவ்வளவு? ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னோம். இரண்டரை மணி நேரம்தான் வந்தது. அந்த நேரமும், கொஞ்சம் முன்பின்னும் மட்டும் ஓடினால் ஒரு நாளைக்கு 3 யூனிட், மாதம் 75. நூறு யூனிட் மிச்சம். உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்கு என்ன தொகை போட்டிருக்கிறதோ, அதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆக, வேலை செய்யும் மிஷின் ஓடும்போது தூசி மிஷினும் ஓடணும், அது நின்றால் இதுவும் நிற்கணும். நாம் எழுந்து போகக் கூடாது, நினைவிலும் வைத்திருக்கக் கூடாது. இது முடியும்.

தானாக எப்படி ஓடுகிறது?

ஒரு வயரில் கரண்ட் ஓடினால் அந்த வயரைச் சுற்றிக் காந்த சக்தி உண்டாகும். இதை 1820ல் டென்மார்க்கில் எர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். கடைசல் மிஷினுக்குப் போகும் கரண்ட் வயரை ஒரு வளையத்துக்குள் நுழைத்து விடுகிறார்கள். வளையல் போலத்தான் இருக்கும், உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதற்குக் கரண்ட் டிரான்ஸ்பார்மர், சுருக்கமாக சி.டி. என்று பேர். மிஷினை ஓட விட்டதும் வயரைச் சுற்றி வரும் காந்த சக்தி இந்த வளையத்தில் ஒரு சின்னக் கரண்டை உண்டாக்கும். அது ரிலேவுக்குச் செய்தி சொல்லும். ரிலே காண்டாக்டரை இழுக்கும். காண்டாக்டர் தூசி மிஷினை ஓட்டும். மாமியார் மருமகளிடம் சொல்ல, மருமகள் மகனிடம் சொல்ல, மகன் மோட்டாரைப் போடுகிற மாதிரி! ஆனால் இதெல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

இரண்டு அளவை இதில் சரியாக வைக்க வேண்டும்.

முதலாவது, ஆரம்பத் தாமதம். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் ஒரு நொடிக்கு இழுக்கும். இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எம்.சி.பி. விழுந்துவிடும். அதனால் வேலை மிஷின் கிளம்பி ஒன்று, இரண்டு நொடி கழித்துத் தூசி மிஷின் கிளம்பும்படி வைக்கச் சொல்லணும்.

இரண்டாவது, முடிவுத் தாமதம். வேலை மிஷினை நிறுத்தியதும் தூசி மிஷின் உடனே நிற்கக் கூடாது. குழாயில் பாதி வழியில் வந்த தூள் அங்கேயே விழுந்து, நாளாக ஆக அடைத்துக்கொள்ளும். காற்றில் மிதக்கிற மாவும் அப்படியே தங்கிவிடும். சின்ன வாக்குவம் மிஷினுக்குப் 10 நொடி போதும். பெரிய மோட்டார் வைத்த மிஷினை அடிக்கடி போட்டு அணைத்தால் மோட்டார் சூடேறிக் கெடும். கைவேலை நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று ஓடுகிற மாதிரி இருந்தால், ஒரு நிமிடம் வரை கூட ஓட விடலாம். அதற்குள் அடுத்த பீஸ் வந்துவிடும், மோட்டாரும் நிற்காமல் ஓடும்.

இன்னும் எளிய வழியும் உண்டு. இரண்டு மூன்று மிஷினுக்கு ஒரே குழாய் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மதகு மாதிரி ஒரு தள்ளுப் பலகை வைப்பார்கள். எந்த மிஷினில் வேலையோ அந்தப் பலகையை மட்டும் திறக்கணும். பலகையில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துவிட்டால், திறந்ததும் தூசி மிஷின் ஓடும், மூடினால் நிற்கும். இதில் பலகையைத் திறக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான். கையில் பிடித்து வேலை செய்யும் சின்ன மிஷின்களுக்கு, பிளக் செருக இடம் வைத்த வாக்குவம் மிஷின்களே கடையில் கிடைக்கின்றன. மிஷின் பிளக்கை அதில் செருகினால் இரண்டும் சேர்ந்து ஓடும்.

எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியவை

இந்த வேலையை நாமோ வீட்டுப் பிள்ளைகளோ செய்து பார்க்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்யணும். அவரிடம் கேட்க வேண்டியது:

1. எர்த் சரியாக இருக்கிறதா? கசிவு வந்தால் உடனே விழும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா?

2. காண்டாக்டர் நம் மோட்டாரின் எச்.பி.க்குத் தாங்குமா?

3. மிஷினில் இருக்கும் சின்ன பல்பு எரிந்தாலே தூசி மிஷின் கிளம்பிவிடாதபடி அளவு வைத்திருக்கிறாரா?

4. மாலையில் வோல்டேஜ் குறைந்தால் காண்டாக்டர் கடகடவென்று அடிக்கும். அப்படி அடித்தால் உடனே நிறுத்தணும் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாரா?

5. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மிஷின் தானாக ஓடக் கூடாது. பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடணும். இது மிக முக்கியம். கரண்ட் போன நேரத்தில் கட்டையைச் சரி செய்யக் கையை உள்ளே விட்டிருப்போம். திடீரென்று கரண்ட் வந்து மிஷின் சுற்றினால் விரல் போய்விடும்.

வீட்டு மீட்டரில் இருந்து பட்டறைக்குக் கரண்ட் எடுத்திருந்தால், மின்வாரிய அலுவலகத்தில் போய்த் தொழிலுக்குரிய இணைப்பைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அபராதம் வந்தால் குழு சேமிப்பில்தான் கை வைக்கணும்.

தானாக நடக்காதவை

இந்தக் கருவி சுவிட்ச் போடுகிற வேலையை மட்டும்தான் நமக்காகச் செய்யும். மீதி நம் கையில்.

குழாயின் வாய் தூசி கிளம்புகிற இடத்தை ஒட்டி இருக்கணும். அடுப்பங்கரையில் ஊதாங்குழலை நினைத்துப் பாருங்கள். தள்ளி நின்று ஊதினாலும் நெருப்பு பற்றும். அதே குழலால் தள்ளி நின்று புகையை இழுக்க முடியுமா? முடியாது. ஊதுகிற காற்று தூரம் போகும், இழுக்கிற காற்றுக்கு எட்டாது. குழாய் வாய் 4 அங்குல அகலம் என்றால், 4 அங்குலம் தள்ளிப் போனாலே இழுவை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு சாண் தள்ளி வைத்த குழாய் பொம்மைதான்.

பை நிறைந்தால் இழுவை குறையும். பாதி நிறைந்ததும் கொட்டணும். கொட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கணும். தானாக ஓடும் மிஷின் என்பதால் பக்கத்தில் ஒருவர் கடைசலைப் போட்டால் உங்கள் கைக்குள் இது கிளம்பிவிடும். கொட்டும்போது மாஸ்க் போடணும்.

மரத்தூள் இழுக்கும் மிஷினில் இரும்பு தேய்க்கும் வேலையைச் சேர்க்கவே கூடாது. பொறி உள்ளே போய்ப் பைக்குள் தீப்பிடிக்கும். உளி தீட்டுகிற சாணைக் கல்லைத் தனி இடத்தில் வையுங்கள். மரத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி எதுவும் கூடாது.

துடைப்பத்தால் பெருக்கினால் இறங்கின தூசி மறுபடி மேலே வரும். ஈரத் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் வாக்குவம் குழாயால் இழுங்கள். முந்தானையை மூக்கில் கட்டினால் சுருள்தான் நிற்கும், மாவு நிற்காது. கொரோனா காலத்தில் பார்த்தோமே, அந்த என்95 மாஸ்க் மூக்கை ஒட்டிப் போட்டால்தான் பலன். புடவைக்கு மேல் கோட் போட்டு முந்தானையை உள்ளே செருகி, தலைமுடியைக் கட்டி உட்காருங்கள். பட்டறைக்குள் பிள்ளைக்குத் தூளி கட்டாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கும் முன் கோட்டைக் கழற்றி முகம் கை கழுவுங்கள்.

அந்த அக்கா என்ன ஆனார்?

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எடுத்தார்கள். காச நோய் இல்லை, தூசியால் வந்த மூச்சிரைப்பு என்றார் மருத்துவர். உறிஞ்சும் மருந்து கொடுத்தார். சில மாதம் தேய்க்கிற வேலை வேண்டாம் என்றார். அக்காவின் முகம் வாடிவிட்டது. மூத்த பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம்.

குழு கூடிப் பேசியது. தேய்க்கிற வேலையை ஒருவரே செய்யாமல் வாரம் மாற்றி எல்லாரும் செய்வது, மிஷின் கூலியும் பெயின்ட் கூலியும் ஒரே மாதிரி ஆக்குவது என்று தீர்மானம் போட்டு நோட்டில் எழுதினார்கள். சுலபமாக முடியவில்லை. "நான் வேகமா செய்யறேன், எனக்கு ஏன் குறையணும்?" என்று ஒரு உறுப்பினர் கோபித்துக்கொண்டு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு வந்தார். "எனக்கும் ஒரு நாள் இருமல் வரும் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தானியங்கி இணைப்பைக் குழு லாபத்தில் இருந்து போட்டார்கள். போன தடவை நாங்கள் போனபோது கடைசல் சுற்றியது. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவதற்குள் மூலையில் இருந்த மிஷினும் கிளம்பியது. யாரும் எழுந்து போகவில்லை. மிஷின் மேல் கை வைத்துப் பார்த்தோம், தூசி இல்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சொப்புக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். மருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இருமல் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் பட்டறையில், மாவு மிஷினில், தறியில் தூசி எங்கே கிளம்புகிறது? குழாய் அல்லது ஜன்னல் அதற்கு எவ்வளவு தூரம்?

2. வாங்கி வைத்து ஓடாமல் இருக்கும் மிஷின் ஏதாவது உண்டா? ஏன் ஓடவில்லை?

3. நம்மில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா? கூலி போய்விடும் என்று மறைக்கிறார்களா?

4. அப்படி ஒருவர் வேலை மாற வேண்டி வந்தால், அவர் வருமானத்துக்குக் குழு என்ன செய்யும்?

நான்காவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். இருமலைச் சொன்னால் கூலி போகாது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தால்தான் யாரும் மறைக்க மாட்டார்கள்.